நிதானத்துக்கும் செலவு உண்டு: வயது, உணர்ச்சி, மூளையின் கட்டுப்பாடு

கொஞ்ச மாதங்களாக ஒரே ஒரு கேள்வியைச் சுற்றித்தான் என் இரவு வாசிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. வயது ஏற ஏற மூளையின் வேகம் குறைகிறது. பெயர்கள் மறக்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பது கஷ்டமாகிறது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்படியென்றால் கோபம், கவலை, பதற்றம் இவற்றை அடக்கும் திறனும் கூடவே குறைய வேண்டும் இல்லையா? அதற்கும் மூளைதானே வேலை செய்ய வேண்டும்?

ஆனால் ஆய்வுகள் சொல்வது வேறு. சராசரியாகப் பார்த்தால் அறுபது எழுபது வயதுக்காரர்கள், இருபது முப்பது வயதுக்காரர்களை விட மனநிம்மதியோடு இருக்கிறார்கள். இது எப்படி நடக்கிறது? இந்த நிதானம் எந்தச் சூழ்நிலையில் உடைகிறது? இந்த இரண்டையும் பற்றி நான் படித்துப் புரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் உளவியல் படித்தவன் இல்லை, பி.இ. முடித்துவிட்டு சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, வீட்டில் எழுபது தாண்டிய பெற்றோர் இருக்கிறார்கள். அதனால் இது எனக்கு வெறும் ஆர்வம் மட்டும் இல்லை.

முதலில், கட்டுப்பாடு என்றால் என்ன?

ஒரு சின்ன சோதனை. "சிவப்பு" என்ற சொல்லைப் பச்சை மையால் எழுதி உங்களிடம் காட்டுகிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். மை என்ன நிறம் என்று கேட்டால் ஒரு கணம் தடுமாறுவீர்கள். ஏனென்றால் படிப்பது தானாக நடக்கும் வேலை. அதைத் தடுத்து நிறுத்திவிட்டுத்தான் நிறத்தைச் சொல்ல வேண்டும். 1935-ல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட சோதனை இது. இன்றும் ஆய்வகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தானாக வருவதைத் தடுப்பது, தேவையானதை மனசில் பிடித்து வைத்திருப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, இந்த மூன்றையும் சேர்த்து அறிதல் கட்டுப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ப்ரீஃப்ரண்டல் கார்டெக்ஸ் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. வயதாகும்போது மூளையில் அதிகம் சுருங்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று. இந்த மாதிரி சோதனைகளில் வயதானவர்கள் மெதுவாகத்தான் செய்கிறார்கள். இதுவரை நாம் எதிர்பார்ப்பது போலத்தான் இருக்கிறது.

புதிர் எங்கே வருகிறது?

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் குழு, 18 முதல் 94 வயது வரையிலான 184 பேரிடம் ஆளுக்கொரு பேஜரைக் கொடுத்தது. ஒரு வாரம், தினமும் ஐந்து முறை, எதிர்பாராத நேரத்தில் அது ஒலிக்கும். ஒலித்தவுடன் அந்தக் கணத்தில் மனநிலை எப்படி இருக்கிறது என்று குறிக்க வேண்டும். "பொதுவாக நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் யோசித்து ஏதோ ஒன்று சொல்லுவோம். அந்தந்த நேரத்தில் பிடித்துக் கேட்டால் பதில் நிஜத்துக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும். கணினியில் லாக் எடுப்பது மாதிரிதான்.

2000-ல் வந்த அந்த முடிவுகளின்படி, நல்ல உணர்ச்சிகள் வயதோடு குறையவில்லை. கெட்ட உணர்ச்சிகள் எட்டிப் பார்ப்பது சுமார் அறுபது வயது வரை குறைந்துகொண்டே வந்தது. அதே ஆட்களை ஐந்து வருடம், பத்து வருடம் கழித்தும் பின்தொடர்ந்து 2011-ல் வெளியிட்டார்கள். அந்தந்த மனிதருக்குள்ளேயே மாற்றம் தெரிந்தது. ஆகவே "அந்தக் காலத்து ஆளுங்க அப்படி, இந்தக் காலத்துப் பசங்க இப்படி" என்று தலைமுறை மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போக முடியாது.

நேரம் குறைவு என்று தெரிந்தால்

கார்ஸ்டென்சன் தரும் விளக்கத்தின் மையம் வயது இல்லை, மிச்சமிருக்கும் காலம். முன்னால் நிறைய காலம் இருக்கிறது என்று நினைப்பவர் புது அறிமுகங்களைத் தேடுவார், பிடிக்காத வேலையையும் சகித்துக்கொள்வார். எல்லாம் பிற்காலத்துக்கான முதலீடு. காலம் குறைவு என்று உணர்பவர் இப்போதே மனசுக்கு அர்த்தம் தருவதைத் தேர்ந்தெடுப்பார். தெரிந்தவர்கள், நெருங்கியவர்கள், சண்டை இல்லாத பொழுது.

இது வெறும் தத்துவம் இல்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். "உங்களுக்கு அரை மணி நேரம் ஓய்வு கிடைத்திருக்கிறது. நெருங்கிய உறவினர், புதிதாக அறிமுகமானவர், நீங்கள் படித்த புத்தகத்தின் ஆசிரியர், இவர்களில் யாரோடு செலவிடுவீர்கள்?" என்று கேட்டால் முதியவர்கள் பெரும்பாலும் நெருங்கியவரைச் சொன்னார்கள். "புது மருத்துவக் கண்டுபிடிப்பால் உங்கள் ஆயுள் இருபது வருடம் கூடப்போகிறது" என்று கற்பனை செய்யச் சொல்லிவிட்டு அதையே கேட்டால் அந்தச் சாய்வு காணாமல் போனது! நேர்மாறாக, 1997 ஜூலையில் ஹாங்காங் சீனாவின் கைக்கு மாறும் நாள் நெருங்கியபோது, அங்கிருந்த இளையவர்களும் முதியவர்களைப் போலவே நெருங்கியவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். ஒரு காலம் முடியப்போகிறது என்ற எண்ணம் வந்தால் இருபத்தைந்து வயதும் எழுபது போல நடந்துகொள்கிறது.

நம் வீடுகளில் "அப்பா முன்ன மாதிரி யார் வீட்டுக்கும் போறதில்ல, கல்யாணம் காட்சிக்குக்கூட வர மாட்டேங்கறார்" என்று கவலைப்படுவோம். அதில் ஒரு பகுதி முட்டிவலியாகவோ காது கேளாமையாகவோ மனச்சோர்வாகவோ இருக்கலாம், அதைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் தூரத்து வட்டத்தைச் சுருக்கிவிட்டு நெருங்கிய நான்கு பேரை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டால், அது தேய்வு அல்ல, தேர்வு.

கண்ணும் ஞாபகமும் சாய்கின்றன

இந்தத் தேர்வு, யாரைப் பார்ப்பது என்பதோடு நிற்பதில்லை. எதைக் கவனிப்பது, எதை ஞாபகம் வைப்பது என்பதிலும் வருகிறது. 2003-ல் சூசன் சார்ல்ஸ், மாரா மேதர், கார்ஸ்டென்சன் மூவரும் மூன்று வயதுக் குழுவினரிடம் நல்ல, கெட்ட, சாதாரணப் படங்களைக் காட்டிவிட்டு, பிறகு நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். மொத்த ஞாபகம் வயதோடு குறைந்தது. ஆனால் ஒரே அளவில் குறையவில்லை. வயது ஏற ஏற, ஞாபகத்தில் நின்றவற்றில் கெட்ட படங்களின் பங்குதான் சுருங்கிக்கொண்டே போனது. இதை நேர்மறைச் சாய்வு என்று சொல்லலாம்.

கன்னியாஸ்திரீகளிடம் நடந்த ஓர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. 1987-ல் தங்கள் உடல்நிலை, மனநிலை பற்றி அவர்கள் ஒரு படிவம் நிரப்பியிருந்தார்கள். 2001-ல் அவர்களிடமே போய், அன்று என்ன எழுதினீர்கள் என்று நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னார்கள். வயதில் மூத்தவர்கள் அன்று எழுதியதை விட நல்லபடியாக நினைவுகூர்ந்தார்கள். வயதில் இளையவர்களையும் "உங்கள் உணர்ச்சிகளைக் கவனித்துக்கொண்டே பதில் சொல்லுங்கள்" என்றபோது அவர்களும் அதே பக்கம் சாய்ந்தார்கள். அதாவது மூத்தவர்கள் யாரும் சொல்லாமலே செய்வதை, இளையவர்கள் சொன்னால் செய்கிறார்கள். இது பழுது அல்ல, நோக்கம் என்பதற்கு இது நல்ல சாட்சி.

லோட் டெஸ்ட்

இங்கேதான் என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. மேலே சொன்னதற்கு இரண்டு விதமாக விளக்கம் தரலாம்.

ஒன்று: மூளைக்குள் பயத்தையும் ஆபத்தையும் எச்சரிக்கும் அமிக்டலா வயதாகித் தேய்ந்துவிட்டது, அதனால் கெட்டது உறைப்பதில்லை. அலாரம் பழுது, வீடு அமைதி.

இரண்டு: அலாரம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வயதானவர் மிச்சமிருக்கும் கட்டுப்பாட்டுச் சக்தியை முதல் வேலையாக மனநிம்மதிக்கு ஒதுக்குகிறார். பென்ஷன் குறைவுதான், ஆனாலும் மாதம் பிறந்ததும் மருந்துக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்ற செலவு என்பது போல.

எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சர்வர் அமைதியாக இருக்கிறது. அது சும்மா இருக்கிறதா, இல்லை உள்ளே ஏதாவது ப்ராசஸ் வேலை செய்து அமைதியைக் காப்பாற்றுகிறதா? லோடு ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அமைதிக்கு எந்தச் செலவும் இல்லையென்றால் லோடு ஏறினாலும் அப்படியே இருக்கும். செலவு இருந்தால் உடையும்.

மேதரும் மரிசா நைட்டும் 2005-ல் செய்தது இதைத்தான். முதலில், அறிதல் கட்டுப்பாட்டுச் சோதனைகளில் நன்றாகச் செய்த முதியவர்களிடம்தான் நேர்மறைச் சாய்வு அதிகம் இருந்தது. தேய்வுதான் காரணம் என்றால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். அடுத்து, படங்களைப் பார்க்கும்போதே இன்னொரு வேலையையும் கொடுத்துக் கவனத்தைப் பிரித்தார்கள். முதியவர்களின் சாய்வு உடைந்தது. 2007-ல் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தபோதும் இதே கதை. முழுக் கவனம் இருக்கும்போது முதியவர்களின் கண் கெட்ட படத்தை விட்டு விலகியது. கவனம் பிரிந்தபோது அதே கண் கெட்டதின் பக்கமே போனது.

மூளை ஸ்கேனும் இதற்கு ஒத்துப்போகிறது. 2004-ல் மேதர் குழு பார்த்தபோது முதியவர்களின் அமிக்டலா செத்துக் கிடக்கவில்லை. நல்ல படங்களுக்கு நன்றாகவே வேலை செய்தது, கெட்ட படங்களுக்குத்தான் குறைவு. அலாரமே பழுது என்றால் இரண்டுக்கும் குறைந்திருக்க வேண்டும் இல்லையா? 2014-ல் ஆண்ட்ரூ ரீட் குழுவினர் 100 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததிலும், பார்ப்பவரைச் சுதந்திரமாக விட்டால் சாய்வு பெரிதாகவும், "இதைக் கவனி, அதைச் செய்" என்று கட்டிப்போட்டால் சிறிதாகவும் வந்தது.

ஆக வயதானவரின் நிதானம் இலவசமாக வருவதில்லை. அதற்குப் பின்னால் ஒரு வேலை ஓடுகிறது. அந்த வேலைக்குக் கவனம் வேண்டும்.

எந்த வழி தேய்கிறது, எந்த வழி வளர்கிறது?

எல்லாக் கட்டுப்பாடும் ஒன்றில்லை. மிஷேல் ஷியோட்டா, ராபர்ட் லெவன்சன் இருவரும் 2009-ல் இருபதுகள், நாற்பதுகள், அறுபதுகளில் இருப்பவர்களுக்குச் சோகமான, அருவருப்பான படத்துண்டுகளைக் காட்டி மூன்று விதமாக உணர்ச்சியைக் கையாளச் சொன்னார்கள். ஒன்று, ஒட்டாமல் தள்ளி நின்று பார்ப்பது. இரண்டு, நடந்ததில் ஏதாவது நல்லதைக் கண்டுபிடிப்பது. மூன்று, முகத்தில் காட்டாமல் அடக்குவது.

தள்ளி நின்று பார்ப்பது வயதோடு கஷ்டமானது. நல்லதைத் தேடுவது வயதோடு எளிதானது. அடக்குவதில் பெரிய வித்தியாசம் இல்லை. "அதை மனசுல போட்டுக்காதம்மா, விட்டுத் தள்ளு" என்று நாம் பெரியவர்களிடம் சொல்லுவோமே, அது அவர்களுக்குக் கஷ்டமான வழி. "நல்லவேளை, இதோட போச்சு" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்களே, அது அவர்களுக்கு எளிதான வழி. இத்தனை நாள் அதைச் சமாளிப்பு வார்த்தை என்று நினைத்திருந்தால், இனி கொஞ்சம் மரியாதையோடு கேட்கலாம்.

எங்கே உடைகிறது?

சூசன் சார்ல்ஸ் 2010-ல் இதற்கு ஒரு நல்ல வரைபடம் கொடுத்தார். வயதானவர்களின் பலம், பிரச்சினை வருவதற்கு முன்பே விலகிப்போவதிலும், வந்தாலும் சீக்கிரம் கவனத்தைத் திருப்புவதிலும் இருக்கிறது. பலவீனம் உடம்பில் இருக்கிறது. பதற்றம் ஒரு தடவை உச்சத்துக்கு ஏறிவிட்டால், ரத்த அழுத்தமும் படபடப்பும் பழைய நிலைக்கு இறங்க அதிக நேரம் ஆகிறது. அதனால் விலக முடியாத, நீண்டுகொண்டே போகிற நெருக்கடியில் அந்த அனுகூலம் கரைந்துவிடலாம்.

அப்படியென்றால் கொரோனா காலத்தில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் 18 முதல் 76 வயது வரையிலான 945 பேரிடம் கார்ஸ்டென்சன் குழு கேட்டது. முதியவர்களுக்குத்தான் உயிராபத்து அதிகம், ஆனாலும் அவர்கள்தான் இளையவர்களை விட நல்ல மனநிலையில் இருந்தார்கள். ஆபத்து பெரியதுதான், ஆனால் வீட்டுக்குள் இருந்தபடி எதைப் பார்ப்பது, யாரோடு பேசுவது, எப்போது டிவியை அணைப்பது என்பது அவர்கள் கையில் இருந்தது. அதனால்தான் நிதானம் தாக்குப்பிடித்தது என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆபத்தின் அளவை விட, கவனம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம் போலிருக்கிறது.

கவனத்தைப் பறிப்பவர்கள்

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். "டிஜிட்டல் அரெஸ்ட்" மோசடி எல்லாருக்கும் தெரிந்திருக்கும். போலீஸ், சிபிஐ, கஸ்டம்ஸ் என்று சொல்லி அழைப்பு வரும். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்பார்கள். வீடியோ காலிலேயே இருக்க வேண்டும், வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது, உடனே பணம் அனுப்பினால்தான் விடுதலை என்பார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே "மனதின் குரல்" நிகழ்ச்சியில் இதைப் பற்றிப் பேசி எச்சரித்தார்.

அதன் வடிவமைப்பை மேலே சொன்ன ஆய்வுகளோடு வைத்துப் பாருங்கள். முதல் நிமிடத்திலேயே பயத்தை உச்சத்துக்கு ஏற்றுகிறார்கள். காலை வைக்க விடாமல், விலகிப்போகும் வழியை அடைக்கிறார்கள். கேள்வி மேல் கேள்வி, ஆவணம், ஓடிபி என்று கவனத்தைத் துண்டு துண்டாக்குகிறார்கள். நெருங்கியவர்களிடமிருந்து பிரிக்கிறார்கள். முதியவரின் நிதானம் எதையெல்லாம் நம்பி நிற்கிறதோ, அந்தத் தூண்களை ஒவ்வொன்றாக உருவுகிறார்கள். ஆய்வகத்தில் மேதர் செய்த லோட் டெஸ்ட்டை இவர்கள் பணத்துக்காகச் செய்கிறார்கள். ஆய்வக முடிவையும் மோசடியையும் இப்படி இணைப்பது என் ஊகம்தான், ஆனால் பொருத்தம் அச்சு அசலாக இருக்கிறது.

ஆசை காட்டும் மோசடியும் இதே ரகம்தான். கத்தரினா கிர்கான்ஸ்கி குழு 2018-ல் வெளியிட்ட சோதனையில், ஆட்களை முதலில் உற்சாகப்படுத்தியோ கடுப்பேற்றியோ விட்டு, பிறகு பொய் விளம்பரங்களைக் காட்டினார்கள். உற்சாகம், கடுப்பு இரண்டுமே வாங்கும் எண்ணத்தைக் கூட்டின. இதில் சின்னவர், பெரியவர் வித்தியாசம் இல்லை. ஆனால் எந்த மனநிலையிலும் பெரியவர்களுக்குச் சின்னவர்களை விட வாங்கும் எண்ணம் அதிகமாகவே இருந்தது. ஷெல்லி டெய்லர் குழுவின் 2012 ஆய்வில், நம்பத் தகாத முகங்களைப் பெரியவர்கள் இளையவர்களை விட நம்பகமாக மதிப்பிட்டார்கள். நல்லதைப் பார்க்கும் கண்ணுக்கு இப்படி ஒரு விலை உண்டு.

வீட்டில் என்ன செய்யலாம்?

நான் என் வீட்டில் வைத்திருக்கும் சில பழக்கங்கள்:

பண விஷயத்துக்கு விதியை அமைதியான நாளிலேயே போட்டுவிட வேண்டும். "யார் போன் செய்தாலும், போலீஸே ஆனாலும், முதலில் காலைக் கட் பண்ணுங்க. அப்புறம் எனக்குப் போடுங்க." ஒரே வரி, ஒரே செயல். பதற்றத்தில் பத்து அறிவுரை ஞாபகம் வராது, ஒரு பழக்கம் வரும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும் என்ற எண்ணையும் போன் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

முக்கியமான விஷயத்தை டிவி ஓடும்போது, நான்கு பேர் பேசும்போது சொல்வதில்லை. ஒரு நேரத்தில் ஒரு விஷயம். கெட்ட செய்தி என்றால் இன்னும் நிதானமாக.

மருத்துவமனையில் டாக்டர், ஆஸ்பத்திரி, சிகிச்சை என்று தேர்வு செய்யும்போது நல்லதை மட்டும் பார்க்கும் சாய்வு வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்கிறேன். கொரின்னா லோக்கன்ஹாஃப், கார்ஸ்டென்சன் இருவரின் 2007 ஆய்வில், பெரியவர்கள் நல்ல தகவல்களையே அதிகம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "உண்மைத் தகவல்களில் கவனம் வையுங்கள்" என்று சொன்னதும் அந்த வித்தியாசம் மறைந்தது. ஒரு வாக்கியம்தான், அதிலேயே வேலை முடிந்துவிட்டது. அதனால் "அப்பா, இதுல இருக்கிற பாதகம் என்னன்னு முதல்ல பார்த்துடுவோமா?" என்று நான் கேட்கிறேன். அவர் பார்க்கிறார். அவருக்குத் திறன் இல்லாமல் இல்லை, அவருடைய முன்னுரிமைதான் வேறு.

கடைசியாக ஒன்று. பெரியவர்கள் ஏமாந்துவிட்டால் "இத்தனை வயசாகியும் புத்தி இல்லையா" என்று திட்டுவது சுலபம். மேலே பார்த்தபடி அது புத்தியின் குறை இல்லை. அவர்கள் கவனத்தை ஒருவன் திட்டம் போட்டுப் பறித்திருக்கிறான், அவ்வளவுதான். திட்டினால் பதற்றம் இன்னும் ஏறும், அடுத்த முறை நம்மிடம் சொல்லவே மாட்டார்கள். மோசடிக்காரன் கேட்பதும் அதைத்தானே?